நாணய மூட்டையும் நம் சிரிப்பும்

2024 டிசம்பரில், கோவை குடும்ப நல நீதிமன்றத்துக்கு ஒருவர் மூட்டை மூட்டையாக நாணயங்களைக் கொண்டுவந்தார். இரண்டு லட்சம் ரூபாய் இடைக்கால ஜீவனாம்சத்தில் 80,000 ரூபாயை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளாகக் கட்ட வந்திருந்தார். நோட்டாக மாற்றி வரும்படி நீதிமன்றம் திருப்பியனுப்பியது. 2011 நாணயச் சட்டப்படி ஆயிரம் ரூபாய்க்கு மேல் இந்தக் காசுகள் செல்லாது.

அவர் மனதில் என்ன இருந்ததோ, காணொளியைப் பகிர்ந்தவர்கள் அதைப் பழிவாங்கலாகவே ரசித்தார்கள். எனக்கு அந்த ரசனைதான் உறுத்துகிறது. ஜீவனாம்சத்தை ஆணுக்கு விதித்த அபராதமாக நினைப்பவருக்கே இது வேடிக்கை. வாங்குகிறவளுக்கு அது வீட்டு வாடகை, மளிகைக் கணக்கு. பல வழக்குகளில் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அதுதான்.

மூட்டையைவிட எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டச் சொன்னது. விவசாயத்தை நம்பியவர்களுக்குத் தனிப் படிவமே தந்தது. மனுப் போட்ட நாளிலிருந்தே தொகை கணக்காகும் என்றது.

கொங்குப் பகுதிக்கு இது மிகவும் வேண்டியது. தோட்டம் அப்பா பேரில், தறி அண்ணன் பேரில், "நான் சும்மா கூட மாட இருக்கேன்" என்பது இங்கே பழகிய பதில். கல்யாணம் பேசும்போது மட்டும் அத்தனையும் மாப்பிள்ளையின் சொத்தாக இருந்திருக்கும்.

அந்தப் படிவத்தைப் பாதி நிரப்பிக் கொடுப்பவரை யாரும் காணொளி எடுப்பதில்லை.