யாருடைய நம்பிக்கை? பிலிப்பைன்ஸ் பெருந்தொற்றுக் காலமும் ஓர் அளவுகோலும்

மனிதரின் நம்பிக்கையை எண்ணாக்கித் தரும் கருவிகளுள் மிகப் பரவலானது, அமெரிக்க உளவியலாளர் சி. ஆர். ஸ்னைடரும் அவர் குழுவினரும் 1991-இல் வெளியிட்ட அளவுகோல். அதில் 12 கூற்றுகள் உள்ளன. நான்கு, இலக்கை நோக்கிய மன உந்துதலை அளக்கின்றன. நான்கு, இலக்குக்கு வழி காணும் திறனை அளக்கின்றன. எஞ்சிய நான்கும் மதிப்பெண்ணில் சேராதவை. இலக்கு தன்னுடையது, வழி தான் கண்டது, ஊக்கம் தன்னுள் பிறப்பது. இவை கூடியதே நம்பிக்கை என்பது இதன் அடிப்படை.

நோய்ப் பரவல் காலத்தில் இத்தகைய கருவிகளின் பயன் கண்கூடு. சில நிமிடங்களில் முடியும், தொலைபேசியிலேயே கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நல்வாழ்வுக் குறியீடு ஐந்தே கேள்விகளில் கடந்த இரு வாரங்களின் மனநிலையை 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாக்குகிறது. யாருக்கு உதவி உடனடியாக வேண்டும் என்று சலித்தெடுக்க இந்த வேகம் தேவை.

குறை, கேள்விக்குள் ஒளிந்திருக்கும் ‘நான்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. 2020 மார்ச் 17 முதல் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு முழுவதும் ஊரடங்கு. வீட்டுக்கு ஓர் அனுமதிச் சீட்டு. அதை வைத்திருப்பவர் மட்டுமே அரிசி வாங்கக் கடைக்குப் போகலாம். உள்ளே காத்திருக்கும் மூதாட்டியிடம், இலக்கை எட்ட வழிகள் தெரியுமா என்று கேட்டால் அவர் தரும் மதிப்பெண் தாழ்ந்தே இருக்கும். வழி காண்பவர் மகள் என்பதும், மகள் இருப்பதால்தான் மூதாட்டி தளராமல் இருக்கிறார் என்பதும் கணக்கில் ஏறுவதில்லை.

இந்த இடைவெளியைப் பிலிப்பைன்ஸ் உளவியலாளர் ஆலன் பெர்னார்டோ பெருந்தொற்றுக்கு முன்பே, 2010-இல், சுட்டிக்காட்டினார். ஸ்னைடரின் கோட்பாட்டைத் தள்ளிவிடாமல் அதை விரித்தார். நம்பிக்கையின் இருப்பிடம் தான், குடும்பம், நண்பர்கள், இறைவன் என நான்காகப் பிரிந்தது. தன்மேல் நம்பிக்கை குன்றியவர் குடும்பத்தின் வழியே நிமிர்ந்து நிற்பதை இப்போது தனியே காண முடிகிறது.

திருத்திய கருவியும் முழுமையானதன்று. குடும்பம் தாங்குவது போலவே அழுத்தவும் செய்யும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வந்தவர் வேலையிழந்து திரும்பினால், வீட்டாரின் எதிர்பார்ப்பே அவருக்குச் சுமை. அந்தச் சுமையை அளக்க இதில் இடமில்லை. ஒரே அறையில் எல்லோரும் இருக்க, தொலைபேசியில் பெற்றோரைப் பற்றிக் குறைவாகச் சொல்ல யாருக்கும் நா எழாது. மேலும், இது அளப்பது ஒருவரின் நிலையான இயல்பை. நெருக்கடியிலோ மனநிலை வாரத்துக்கு வாரம் மாறும்.

எண்ணைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். சோஷியல் வெதர் ஸ்டேஷன்ஸ் என்ற பிலிப்பைன்ஸ் ஆய்வு நிறுவனம் 2020 மே மாதம் நடத்திய கருத்துக்கணிப்பில், ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட வாழ்க்கை மோசமாகிவிட்டது என்றவர்கள் 83 விழுக்காடு. அதே ஆண்டு நவம்பரில், புத்தாண்டை அச்சத்தோடன்றி நம்பிக்கையோடு வரவேற்பதாகச் சொன்னவர்கள் 91 விழுக்காடு. இது முரண் அல்ல: முதல் கேள்வி நடந்ததைப் பற்றியது, அடுத்தது வரப்போவதைப் பற்றியது. முன்னது தொலைபேசியில் கேட்டது, பின்னது நேரில் கேட்டது. நம்பிக்கையா அச்சமா என்ற இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால், பெரும்பாலோர் நம்பிக்கை என்றே சொல்வர். ஆகவே 91 என்ற உயரத்தைவிட, 2019-இல் 96-ஆக இருந்தது ஐந்து புள்ளி சரிந்ததே கூடுதலாகப் பேசுகிறது.

நாடுகளை வரிசைப்படுத்துவதில் இந்தச் சிக்கல் பெருகும். ஜப்பான், தைவான் மாணவர்கள் அளவுகோலின் நடுப்புள்ளியையும், அமெரிக்க மாணவர்கள் ஓரங்களையும் கூடுதலாகத் தேர்ந்ததை 1995-இல் வெளியான ஆய்வு காட்டியது. சொற்களும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதில்லை. ‘நம்பிக்கை’ என்ற ஒரே தமிழ்ச் சொல் எதிர்பார்ப்பையும் விசுவாசத்தையும் சேர்த்தே குறிக்கிறது. பிலிப்பினோ மொழியில் நல்வாழ்வுக்கு நெருங்கிய ‘கின்ஹாவா’ என்ற சொல், இளைப்பாறுதலையும் மூச்சுவிடும் எளிமையையும் உணர்த்துவது.

அந்தச் சொல்லிலிருந்து பெயர் பெற்ற மகின்ஹாவா தெருவில், கேசோன் நகரத்தில், 2021 ஏப்ரல் 14 அன்று ஒரு மூங்கில் வண்டி நின்றது. அரிசி, காய்கறி, டப்பா உணவு. முடிந்தவர் வைக்கலாம், தேவைப்படுபவர் எடுக்கலாம் என்று ஓர் அட்டை. சில நாள்களில் நாடெங்கும் இவ்வண்டிகள் முளைத்தன. ஒரு தெருவின் இந்த நம்பிக்கை, தனியாள் மதிப்பெண்களின் சராசரியில் அகப்படாது. இதை அறிய, பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் ‘பக்டடனோங்-டனோங்’ என்று அழைக்கும், ஊராரோடு கலந்து பேசிக் கேட்டறியும் முறை உதவும்.

அளவுகோலைக் கைவிட வேண்டியதில்லை. உதவி வேண்டுவோரை விரைவாக அடையாளம் காணவும், ஒரு சமூகத்தை அதன் முந்தைய நிலையோடு ஒப்பிடவும் அது போதுமானது. பிற நாட்டோடு ஒப்பிட்டு ஒரு மக்களை நம்பிக்கை இழந்தவர்கள் என்று முடிவுகட்ட அது போதாது. அதற்குமுன், யார் யாரைச் சார்ந்து நம்புகிறார்கள் என்பதைத் தனியே கேட்டிருக்க வேண்டும்.