வெகுளி நகையான வகை

2010 ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அமெரிக்க நாட்டு அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில் நகரில், வீட்டினுட் புகுந்த ஒருவன் தம் உடன்பிறந்தாளைத் தாக்க முயன்றமை பற்றி இளைஞர் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியாளரிடம் சினந்துரைத்தார். கிரிகரி சகோதரர் என்னும் இசைக்குழுவினர் அவ்வுரையைப் பாட்டாக்கினர்; அஃது இணையத்தில் மீமாய்ப் பரவிற்று.

தொல்காப்பியர் வெகுளிக்குக் கூறும் நிலைக்களன் நான்கனுள் குடிகோளும் ஒன்று. சுற்றத்தார்க்குக் கேடு சூழ்தலைப் பேராசிரியர் அதன்பாற் படுத்துவர். எனவே இளைஞர் உரையின் மெய்ப்பாடு வெகுளியே. கேட்டோர் கொண்டதோ எள்ளற் பொருட்டாகிய நகை. சொற்கள் அவருடையனவே, ஆயின் அவை துண்டுபட்டு, மீண்டும் மீண்டும் ஒலித்துத் தாளத்துக்கு இயைந்தபோது, துன்புற்றாள் மறைந்தாள், உரைத்தாரின் பேச்சும் அசைவுமே எஞ்சின. பாட்டின் வருவாயில் அவரும் பங்கு பெற்றார் என்பது உண்மையே. எனினும் அதனால் வெகுளியின் காரணம் நகைக்குரியதாகிவிடாது. நகையை ஆராய்வார் அதன் நிலைக்களனையும் உடன் ஆராய்தல் வேண்டும் என்பதே யாம் கொண்ட முடிபு.