இஸ்திக்லால் தெரு: 'குறைந்துபோனார்கள்' என்கிற தன்வினை

இஸ்தான்புல் போய்வந்தவர்கள் யாருடைய போட்டோ ஆல்பத்தைத் திறந்தாலும் ஒரு சிவப்பு டிராம் இருக்கும். கூட்டத்துக்கு நடுவே மணியடித்துக்கொண்டு ஊர்ந்து வரும், பின்னால் இரண்டு பையன்கள் தொத்திக்கொண்டிருப்பார்கள். அந்த டிராமுக்குப் பெயரே 'நொஸ்தால்ஜிக் டிராம்வாய்'. கேலிக்கு வைத்த பெயர் இல்லீங்க, ஓட்டுகிறவர்களே வைத்தது. நம்மூர் மாநகராட்சி ஒரு பேருந்துக்கு 'மலரும் நினைவுகள்' என்று போர்டு மாட்டி ஓட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

ஒரு நகரம் தன் ஏக்கத்தை டிக்கெட் போட்டு விற்கும்போது, அது யாருடைய ஏக்கம் என்று கேட்கத் தோன்றுகிறது. இஸ்திக்லால் தெருவில் எங்கே சாப்பிடலாம், எந்தக் கடையில் பேரம் பேசலாம் என்று சொல்ல வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன. அந்த வேலையை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். தெரு தன்னைப் பற்றி என்ன கதை சொல்லிக்கொள்கிறது, அந்தக் கதையில் எங்கே பொத்தல் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் இடம். தக்சீம் சதுக்கத்தில் தொடங்கி துனெல் வரைக்கும் சுமார் 1.4 கிலோமீட்டர் நடைபாதைத் தெரு. தக்சீம் என்றால் பிரிப்பது, பங்கிடுவது. உருது தெரிந்தவர்களுக்கு நாட்டுப் பிரிவினையைச் சொல்லும் சொல்லாக இது பழக்கமாயிருக்கும். இங்கே பிரிக்கப்பட்டது தண்ணீர். 18ஆம் நூற்றாண்டில் வடக்கேயிருந்து வந்த குடிநீரைப் பல பகுதிகளுக்குப் பங்கிட்ட தொட்டிக் கட்டடம் இன்றும் சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கிறது. இஸ்திக்லால் என்றால் விடுதலை. குடியரசு வந்த பிறகு வைத்த பெயர் அது. அதற்கு முன்னால் ஒட்டோமான்களுக்கு இது ஜாத்தே-இ கெபீர், பிரெஞ்சு பேசியவர்களுக்கு கிராந்த் ரூ த பெரா. இரண்டுக்கும் அர்த்தம் கிட்டத்தட்ட 'பெரிய தெரு'தான். பெரா என்பது கிரேக்கச் சொல், தமிழில் சொன்னால் 'அக்கரை'. தங்கக் கொம்பு கழிமுகத்துக்கு இந்தப் பக்கம் சுல்தானின் பழைய நகரம், அந்தப் பக்கம் ஜெனோவா வணிகர்களும் தூதரகங்களும் இருந்த அக்கரை. பச்சையாகத்தான் இருந்தது, பணப் பச்சை.

1870இல் பெரிய தீவிபத்து. மரவீடுகள் போய்க் கல் கட்டடங்கள் எழுந்தன. தெருவின் இன்றைய முகம் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 1875இல் கீழே துறைமுகப் பகுதியான கராகோயிலிருந்து மேட்டுக்கு ஏற 573 மீட்டர் நீளத்துக்குச் சுரங்க இழுவை ரயில் போட்டார்கள். லண்டனுக்கு அடுத்து உலகின் இரண்டாவது பழைய சுரங்க ரயில் அது. வங்கியில் காசோலை மாற்றிக்கொண்டு மேலே ஏறினால் தையற்கடை, தொப்பிக்கடை, தியேட்டர், பேஸ்ட்ரி. இவற்றை நடத்தியவர்களில் கிரேக்கர், ஆர்மீனியர், யூதர், 'லெவாண்டியர்' என்று சொல்லப்படும் உள்ளூர் இத்தாலிய, பிரெஞ்சு வம்சத்தார் கணிசம்.

இந்த இடத்தில் சுற்றுலா எழுத்துகள் எல்லாம் ஒரே மாதிரி ஒரு வாக்கியம் எழுதும். "இங்கே ஒரு காலத்தில் பல இன மக்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள், பிறகு சிறுபான்மையினர் குறைந்துபோனார்கள்." பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். திருந்தினான், திருத்தினான். உருண்டது, உருட்டினான். 'குறைந்துபோனார்கள்' தன்வினை. தண்ணீர் வற்றுவது மாதிரி, முடி நரைப்பது மாதிரி, தானாக நடந்த ஒன்று. என் புகார் முழுக்க இந்த ஒரு வினைச்சொல் மீதுதான். 'குறைத்தார்கள்' என்று எழுதினால் உடனே எழுவாய் தேடவேண்டி வரும்.

தேடிப் பார்க்கலாம். 1923 லொசான் ஏற்பாட்டில் கிரீஸும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கு விலக்கு கிடைத்தது. அதாவது அவர்கள் அங்கே இருந்தது ஒப்பந்த உரிமையால். 1927 கணக்கெடுப்பில் நகரத்தில் கிரேக்கர் சுமார் ஒரு லட்சம். இன்று சில ஆயிரம். நடுவில் என்ன?

1942 நவம்பரில் சொத்து வரி. போர்க்காலக் கொள்ளை லாபத்துக்கு வரி என்று காரணம் சொன்னார்கள். நடைமுறையில் முஸ்லிம் அல்லாதவருக்கு விகிதம் பல மடங்கு, மேல்முறையீடு கிடையாது, கட்ட அவகாசம் சில வாரங்கள்தான். கட்ட முடியாதவரின் கடையும் வீட்டுச் சாமானும் ஏலத்துக்குப் போயின. அப்புறமும் பாக்கி இருந்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கிழக்கே அஷ்காலேயில் பனி அள்ளவும் கல் உடைக்கவும் அனுப்பினார்கள். 21 பேர் அங்கே செத்தார்கள். 1944 மார்ச்சில் வரி ரத்து. ஏலத்தில் போன கடைகள் போனதுதான்.

1955 செப்டம்பர் 6. சைப்ரஸ் விவகாரம் சூடாக இருந்த நேரம். தெசலோனிக்கியில் அதாதுர்க் பிறந்த வீட்டை ஒட்டிய துருக்கித் தூதரக வளாகத்தில் குண்டு வெடித்தது என்று ஒரு மாலைப் பத்திரிகை சிறப்புப் பதிப்பு போட்டது. தக்சீமில் கூட்டம் கூடியது. அன்றிரவு முழுக்க இந்தத் தெருவும் சுற்றியுள்ள பகுதிகளும் சூறையாடப்பட்டன. ஆயிரக்கணக்கான கடைகள், ஏராளமான வீடுகள், எழுபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள். குண்டு வைத்த வேலையில் அந்தத் தூதரகத்து ஆட்களே இருந்தது பிறகு தெரிந்தது. 1960 ராணுவப் புரட்சிக்குப் பின் பிரதமர் மெந்தெரஸ் மீது யாஸியாதா தீவில் நடந்த வழக்குகளில் இதுவும் ஒன்று. அன்றைய புகைப்படங்களில் கடைகளிலிருந்து இழுத்துப் போட்ட துணிச்சுருள்கள் தெருவை மூடிக் கிடக்கின்றன. குளிர்பதனப் பெட்டியும் தையல் மெஷினும் நடுத்தெருவில். அப்போது இந்தத் தெருவில் நிஜ டிராம் ஓடிக்கொண்டிருந்தது, நொஸ்தால்ஜிக் அடைமொழி இல்லாத டிராம். ஐரோப்பியக் கரையில் அது 1961 வரை ஓடியது.

கடைசியாக 1964. கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்த, ஆனால் தலைமுறைகளாக இஸ்தான்புல்லிலேயே வாழ்ந்த சுமார் 12,000 பேருக்கு வசிக்கும் உரிமை போயிற்று. கையில் 20 கிலோ பெட்டி, 20 டாலர் பெறுமான பணம், அவ்ளோதான். மனைவி, பிள்ளைகள் துருக்கிக் குடிமக்களாக இருந்தாலும் கூடவே கிளம்பினார்கள். தெருவுக்குக் கீழே சுகுர்ஜுமா என்று பழம்பொருள் கடைகள் நிறைந்த ஒரு சரிவு உண்டு. கண்ணாடி அலமாரி, கிராமபோன், பீங்கான் தட்டு எல்லாம் கிடைக்கும். ஓர்ஹான் பாமுக் 2012இல் திறந்த 'அப்பாவித்தனத்தின் அருங்காட்சியகம்' இருப்பதும் அங்கேதான், அவசியம் பாருங்கள். ஆனால் அந்தக் கடைகளில் எதையாவது கையில் எடுக்கும்போது, 20 கிலோவில் அடங்காத மற்ற சாமான்கள் எங்கே போயிருக்கும் என்று ஒருதரம் யோசிக்காமல் இருப்பது கஷ்டம்.

மூன்று சம்பவங்கள், மூன்றுக்கும் தேதி இருக்கிறது, அரசாணை இருக்கிறது அல்லது வழக்கு இருக்கிறது. இதற்கு மேலும் 'குறைந்துபோனார்கள்' என்று எழுதுவது சோம்பேறித்தனம் என்றுகூடச் சொல்லமாட்டேன், அதைவிடக் கொஞ்சம் மோசமானது.

சரி, டிராமுக்கு வருவோம். தெரு நடைபாதை ஆனதும் பழைய பெட்டிகள் திரும்ப ஓடியதும் 1990இல். ஆனால் அந்தத் தெருவில் ஓடிக்கொண்டிருந்த கார்கள் எங்கே போகும்? இணையாக இன்னொரு சாலை வேண்டும். அதற்காக மேயர் பெத்ரெத்தின் தாலான் காலத்தில், 1980களின் பின்பாதியில், பக்கத்துத் தர்லாபாஷியில் முந்நூறுக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களை இடித்து அகலச் சாலை போட்டார்கள். தர்லாபாஷி யார் வாழ்ந்த பகுதி தெரியுமா? பெராவின் பெரிய கடைகளில் வேலைபார்த்த, சிறு தொழில் செய்த நடுத்தரக் கிரேக்க, ஆர்மீனிய, யூதக் குடும்பங்கள் கட்டி வாழ்ந்த பகுதி. அவர்கள் போன பிறகு அனதோலியாவிலிருந்து வந்த ஏழைகளும், பின்னால் குர்துகளும் குடியேறினார்கள். ஒரு தெருவின் பழமையைக் காட்டுவதற்கு அடுத்த தெருவின் பழமையை இடித்தார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், டேட்டாபேஸை அழித்துவிட்டு ஸ்கிரீன்ஷாட்டை ஃப்ரேம் போட்டு மாட்டிய கதை.

எமெக் தியேட்டர் கதை இன்னும் துல்லியமானது. 1884இல் கட்டிய செர்க்கில் தோரியான் கட்டடத் தொகுதிக்குள் 1924இல் திறந்த சினிமா அரங்கு, கூரையெங்கும் அலங்கார வேலைப்பாடு. அதை இடித்து மால் கட்டுவதை எதிர்த்து 2013 ஏப்ரலில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தண்ணீரைப் பீய்ச்சியது. இயக்குநர் கோஸ்டா கவ்ராஸும் அன்று கூட்டத்தில் இருந்தார். மே மாதம் இடித்தாயிற்று. இன்று அந்த மாலின் பெயர் 'கிராண்ட் பெரா'. அலங்காரத் துண்டுகளை வைத்து மேல்மாடியில் எமெக்கின் நகல் ஒன்று செய்திருக்கிறார்கள். கீழே மேடம் துஸாட் மெழுகுச் சிலைக்கூடம். இதற்கு மேல் நான் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை, அவர்களே செய்து முடித்துவிட்டார்கள். அதே தொகுதியில் 1944 முதல் இருந்த இன்ஜி பேஸ்ட்ரிக் கடையும் 2012 டிசம்பரில் காலி செய்யப்பட்டது. நல்லவேளை பக்கத்துச் சந்தில் திரும்பத் திறந்திருக்கிறார்கள். ப்ரோஃபித்தெரோல் சாப்பிடுங்கள். எனக்கு இனிப்பு கூடுதல்தான், ஆனாலும்.

எதிர்த்தரப்பு வாதமும் உண்டு, அது லேசானதில்லை. பழைய பெரா சொர்க்கம் கிடையாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்குத் தனிச் சட்டம், தனி நீதிமன்றம் என்று சலுகைகள் இருந்த காலம் அது. அந்தப் பேஸ்ட்ரிக் கடைக்குள் நுழையக் கூசிய ஏழைத் துருக்கியனின் கோபத்தை ஒன்றுமில்லை என்று தள்ள முடியாது. வேறொரு வாதமும் கேட்டிருக்கிறேன். இந்த ஏக்க வியாபாரம் வராவிட்டால் மிச்சமிருக்கும் கட்டடமும் போயிருக்கும், 'இங்கே யார் இருந்தார்கள்' என்று இளைஞர்கள் கேட்கத் தொடங்கியதே இதனால்தான் என்று. பாதி ஒப்புக்கொள்கிறேன். கேள்வி வந்தது உண்மை. பதில் வந்தபோது நடந்ததையும் பார்க்கவேண்டும்.

1955 வன்முறையை விசாரித்த ராணுவ நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த கடற்படை அதிகாரி ஃபஹ்ரி சோக்கெர், தன்னிடமிருந்த புகைப்படங்களையும் ஆவணங்களையும் வரலாற்று அறக்கட்டளை ஒன்றிடம் கொடுத்தார். தான் இறந்த பிறகே வெளியிடவேண்டும் என்பது நிபந்தனை. 50ஆம் ஆண்டு நிறைவன்று, 2005 செப்டம்பர் 6இல், அந்தப் படங்களை இதே பேயோலு பகுதியில் ஒரு கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். தேசியவாதக் கும்பல் ஒன்று உள்ளே புகுந்து படங்களைக் கிழித்து, முட்டை வீசியது. சூறையாடலின் படங்களையே சூறையாடினார்கள். அன்றும் வெளியே டிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆக, போகவேண்டாம் என்று சொல்கிறேனா? கட்டாயம் போங்கள். நானே இரண்டு மாலை முழுக்க அங்கேதான் திரிந்தேன். துனெல் பக்கம் தொடங்கினால் நல்லது. முதலில் கீழே கலாதா கோபுரம், 1348இல் ஜெனோவாக்காரர்கள் எழுப்பியது. வரிசை நீளமாக இருந்தால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், மேலேறிப் பார்க்கும் காட்சியைவிடத் தெருவில் பார்க்க நிறைய இருக்கிறது. பிறகு தக்சீம் நோக்கி நடந்தால் வலதுபக்கம் செங்கல் நிறத்தில் புனித அந்தோணியார் கோவில், 1906 முதல் 1912 வரை கட்டியது, கட்டடக் கலைஞர் ஜூலியோ மொங்கேரி இஸ்தான்புல்லிலேயே பிறந்த இத்தாலியர். பின்னாளில் போப் 23ஆம் ஜான் ஆனவர், வாத்திகன் பிரதிநிதியாக இங்கே இருந்த காலத்தில் பிரசங்கம் செய்த இடம்.

கலாதாசராய் பள்ளியின் வாசலில் ஒரு சின்னச் சதுக்கம். காவலில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி, 1995 மே 27 முதல் சனிக்கிழமைகளில் தாய்மார்கள் உட்கார்ந்த இடம் அது. 2018 ஆகஸ்டில் 700ஆவது வாரத்தன்று போலீஸ் அவர்களைக் கலைத்தது. கைடு யாரும் நிறுத்திக் காட்டுவதில்லை.

அதற்கு எதிரே சிச்செக் பசாஜி, பூக்கடைச் சந்து. ரஷ்யப் புரட்சிக்குத் தப்பி வந்த சீமாட்டிகள் பூ விற்றதால் அந்தப் பெயர் என்று வெயிட்டர் சொல்வார், மெனு கார்டும் நீட்டுவார். விலை அதிகம், உட்காரவேண்டாம். வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். கட்டியது ஹ்ரிஸ்தாகி சோக்ராஃபோஸ் என்ற கிரேக்க வங்கியாளர், 1876இல். 1978இல் ஒரு பகுதி இடிந்து விழுந்து, 1988இல் திரும்பக் கட்டினார்கள். கட்டடத்தின் முதற்பெயர் சீத்தே த பெரா. அந்தப் பெயர் இன்னும் வாசலுக்கு மேலே இருக்கிறது, கழுத்தை நன்றாக வளைத்தால் படிக்கலாம்.