நெஞ்சப் பாரு

வாப்பா கரத்தை மாடு வாங்கப் போனால் உயரத்தைப் பார்க்க மாட்டார். மாட்டுக்கு முன்னால் குந்தியிருந்து, முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். "உசரத்த என்னத்துக்குப் பாக்காய் மகன், நெஞ்சப் பாரு" என்பார். சம்மாந்துறை வயலிலிருந்து கல்முனைக்கு நெல் மூட்டை இழுத்து வந்தவை எல்லாம் அப்படிக் குட்டையான நாட்டு மாடுகள்தான். அவர் சொன்னதன் அருமை, கத்தாரில் ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்யும்போதுதான் எனக்கு விளங்கியது.

அங்கே முதல் நாலு வருஷம் என் பொறுப்பில் இருந்தவை பந்தயக் குதிரைகள். குதிரையின் உயரத்தைத் தலை வரைக்கும் அளப்பதில்லை. கழுத்து முதுகோடு சேரும் மேடு வரைக்கும்தான். ஒரு கை என்றால் 4 அங்குலம். என்னிடம் இருந்தவை 16 கை, அதாவது 5 அடி 4 அங்குலம். அழகென்றால் அழகு. ஆனால் ஏறி இருந்தால், காற்றில் ஆடும் தென்னையின் வட்டுக்குள் இருப்பது போல இருக்கும். ஒரு பொலித்தீன் பை பறந்தால் போதும், உடம்பு முழுவதும் நடுங்கி ஒரு பக்கமாகத் துள்ளும். சவாரி முடியும் வரை என் தோள் இறுகியே இருக்கும்.

பிறகு, சிறுவர்களுக்குச் சவாரி பழக்குவதற்கென்று ஓர் அயர்லாந்துக் கொப் வந்தது. கொப் என்பது முதலில் ஓர் உடலமைப்பின் பெயர்: குட்டைக் கால், தடித்த எலும்பு, உருண்ட வயிறு, அகன்ற நெஞ்சு. நம்மவர்கள் மட்டக்குதிரை என்றுதான் சொல்வார்கள். கறுப்பும் வெள்ளையுமாக, 14 கை உயரத்தில் அது நின்றது. அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் நாடோடிக் குடும்பங்கள் தங்கள் வண்டி வீட்டை இழுக்க வளர்த்த வழி அது. சட்டி பானை, நாய், பிள்ளை குட்டி எல்லாவற்றோடும் நாள் முழுக்க நடக்க வேண்டிய பிராணிக்கு வெருண்டோடும் குணம் இருந்தால் சரிவராது. அதனால் பொறுமையானதையே பார்த்துப் பார்த்து இனம் பெருக்கினார்கள்.

முதல் நாள் ஏறியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முக்காலி தேவைப்படவில்லை. முதுகு அவ்வளவு அகலம். நல்ல பாயில் சம்மணம் போட்டு இருந்தது போன்ற நிம்மதி. என் கால்கள் தொங்கவில்லை, அந்த உருண்ட விலாவை அணைத்துக்கொண்டன. அது மூச்சு இழுப்பதும் விடுவதும் கெண்டைக்காலில் தெரிந்தது. முன்னால் சின்னக் காது இரண்டு. நான் பேசினால் ஒன்று மட்டும் பின்னால் திரும்பும், மற்றது பாதையிலேயே இருக்கும். குளம்பை மூடி விழும் நீண்ட மயிரில் மணல் ஒட்டிக்கொள்ளும். மாலையில் அதை விரலால் கோதிவிடுவது எனக்குப் பிடித்த வேலை.

அதன் தொங்கோட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஒன்றாக விழும், பிறகு மற்ற இரண்டும். பெருநாள் பலகாரத்துக்கு இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாறி மாறி உலக்கை போடுவார்களே, அதே தாளம், துளியும் பிசகாது. பெரிய குதிரை ஒரு எட்டில் கடக்கும் தூரத்துக்கு இது இரண்டு எட்டு வைக்கும். அந்த இரண்டு எட்டையும் நான் உணர்ந்தேன். மணல் இறுகியதும் இளகியதும் குளம்பு வழியாக எனக்குத் தெரிந்தது. உயரத்தில் இருந்தபோது கிடைக்காதது இந்தத் தரைச் செய்தி.

உயரம் பிறகு வந்து சேர்ந்ததுதான். பந்தயக் குதிரைகளின் மூதாதைகளில் ஒன்றான டார்லி அராபியன், 1704இல் சிரியாவின் அலெப்போ பகுதியிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. அறபுக் குதிரை இன்றைக்கும் பெரும்பாலும் 15 கையை ஒட்டியே நிற்கிறது. மிஃறாஜ் இரவின் வாகனமான புறாக்கும் கழுதையைவிடப் பெரியது, கோவேறு கழுதையைவிடச் சிறியது என்றே ஹதீஸில் வருகிறது. சிறு வயதில் மத்ரஸாவில் கேட்டபோது நான் வானளவு பெரிய ஒன்றைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். இப்போது அந்த அளவை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

ஊர் திரும்பிய பின், குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனேன். ஐரோப்பியர் காலத்தில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அங்கே கட்டாக்காலியாக மேய்கின்றன. சின்ன உருவம், உவர் காற்றிலும் வெயிலிலும் காய்ந்த உடம்பு. சேணம் இல்லை, கடிவாளம் இல்லை. அவற்றைத் தீவை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. பார்க்கத்தான் முடியும், அது போதும். நீங்களும் போனால், படம் எடுக்கும் அவசரத்தில் பக்கவாட்டில் நிற்காதீர்கள். எட்டத்தில், நேர் முன்னால் குந்தியிருந்து நெஞ்சைப் பாருங்கள்.