கூத்துக்களமும் சுவைஞர் தீர்ப்பும்

கலை நிகழ்வொன்று நிறைவெய்தும் காலம் எது என்னும் வினாவுக்கு, ஆடுவோன் ஆடி முடித்த காலமே எனப் பலர் விடை கூறுவர். அவ்விடை முழுமையானதன்று. நூல் வடிவில் அமைந்த காவியம் படிப்போர் இல்லாதவிடத்தும் ஏட்டில் நிலைத்திருக்கும். ஆட்டமும் பாட்டும் அவ்வாறு நிலைத்திருப்பனவல்ல. ஒலி அடங்கியதும் அவை கண்டோர் நெஞ்சிலன்றிப் பிறிதோரிடத்தும் இல்லை. கண்டவர்கள் மறுநாள் ஒருவரோடொருவர் கூடி, நன்று எது, நன்றல்லது எது எனப் பேசும் பேச்சிலேதான் அக்கலை தன் இரண்டாம் வாழ்வைத் தொடங்குகின்றது. அப்பேச்சினைத் திறனாய்வெனக் கொள்ளலாமா, கொள்ளின் அதன் அளவைகள் யாவை என்பவற்றை, இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவை என்பது அரங்கில் மட்டும் இருப்பதன்று என்பதைத் தமிழ் இலக்கண நூலார் நன்குணர்ந்திருந்தனர். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட பேராசிரியர், சுவைக்கப்படும் பொருள், அதனால் உள்ளத்தே எழும் உணர்வு, அவ்வுணர்வின் குறிப்பு, அது மெய்யிற் புலப்படும் நிலை எனப் படிமுறையாக விளக்கஞ் செய்தார். பொருள் ஒருபாலும் உணர்வு மற்றொருபாலும் நிற்க, இரண்டும் கூடுமிடத்தே சுவை பிறக்கின்றது. ஆயின் நம் இலக்கியங்களிற் பதிவாகியுள்ள தீர்ப்புக்கள் பெரும்பாலும் வேந்தர் தீர்ப்புக்களே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் அரங்கின் அளவுகளும் ஆடலாசிரியன் முதலானோர் தகுதிகளும் நுணுக்கமாகக் கூறப்படுகின்றன. மாதவி தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றமை கூறப்படுகின்றது. அவையின் கடைசி வரிசையில் நின்று கண்டவன் வீடு திரும்புகையில் தன் தோழனிடம் யாது சொன்னான் என்பதை நாம் அறியோம். பொன் கொடுத்தோன் தீர்ப்பு ஏட்டில் ஏறியது. கண் விழித்துக் கண்டோன் தீர்ப்போ காற்றோடு போயிற்று.

காமன் கூத்தில் பொன் கொடுக்கும் வேந்தன் இல்லை. கண்டோர் தீர்ப்பே அங்குத் தீர்ப்பு. பெரும்பாலும் மாசித் திங்கள் அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையிற் காமன் நட்டுத் தொடங்கும் இவ்விழா, பௌர்ணமியையொட்டிக் காமன் தகனத்தோடு உச்சநிலை எய்தும். தவத்தில் அமர்ந்த சிவபெருமானின் மோனத்தைக் கலைக்குமாறு தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். இரதி தடுக்கின்றாள். அவன் கேளாது சென்று கணை தொடுத்து நெற்றிக்கண்ணால் எரிந்துபடுகின்றான். இரதி புலம்பி இரக்க, அவள் கண்ணுக்கு மட்டும் புலனாகும் வண்ணம் உயிர் பெறுகின்றான். தூதன், வீரபத்திரன், எமன் முதலிய வேடங்களும் இக்கதையோடு வந்து சேரும். நோன்பு பூண்டு ஆடுவோர் தோட்டத்துத் தொழிலாளரே. ஆடுமிடம் காமன் பொட்டல் எனப்படும் வெளி. இரதி வேடமும் ஆண்மகனுக்கே உரியது.

இக்கூத்தின் உயிர்நாடி தப்பு. இதே தப்புத்தான் முற்காலத்தில் விடியற்போதில் முழங்கித் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது. ஆண்டு முழுதும் வேலைக்கு எழுப்பிய கருவி, மாசி மாதத்து இரவுகளில் அதே மக்களை உறங்கவொட்டாது ஆட்டங் காணச் செய்தது. எனவே தப்பின் ஓசையைத் தரம்பிரித்து அறிதல் அவர்களுக்குப் பயிற்சியால் வந்த அறிவன்று. வாழ்க்கையோடு வந்த அறிவு. எந்த அடி அழைப்பு, எந்த அடி சாவுக்குரியது, எந்த அடி சாமி வரவுக்குரியது என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். அத்தகைய அவையின்முன் அடி பிழைத்தவன் தப்புதல் அரிது.

மறுநாட் காலை மலைக்குப் போகும் வழியிலும், கொழுந்து பறிக்கும் நிரைகளிலும், மடுவத்திற் கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும் வேளையிலும், மாலையில் லயத்து வாசலிலும் கூத்தைப் பற்றிய பேச்சு நிகழும். அப்பேச்சினைக் கூர்ந்து நோக்கினால் அதனுள் நான்கு அளவைகள் தொழிற்படுதல் புலனாகும்.

முதலாவது, குரலின் எட்டம். வெளியில் ஆடும் கூத்தில், தப்பின் முழக்கத்தைக் கடந்து, பனியில் போர்வை போர்த்துக் கடைசியில் அமர்ந்திருக்கும் கிழவியின் செவிக்குச் சொல் சென்று சேர வேண்டும். பாட்டு இனிது, ஆனால் சொல் விளங்கவில்லை என்பது அங்குப் பாராட்டன்று, குற்றச்சாட்டு.

இரண்டாவது, பொருத்தம். மன்மதன் புறப்படும்போது இருந்த தப்பின் விரைவு, இரதியின் புலம்பலில் எவ்வாறு தணிந்தது என்பதே இங்கு நோக்கப்படுவது. ஆட்டத்துக்கு அடி இடங்கொடுத்ததா, அடிக்காக ஆட்டம் இழுபட்டதா என்று அவர்கள் வினவுவர். கற்றோர் இதனை ஒருமைப்பாடு எனப் பெயரிட்டு வழங்குவர். பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே.

மூன்றாவது, புலம்பலின் உண்மை. ஆண்மகன் ஒருவன் இரதியாகி அழும்போது காண்போர் கண்ணில் நீர் வந்ததா என்பதே கேள்வி. இக்கேள்வி எளிதன்று. அவனை அவர்கள் அறிவர். முந்திய நாள் மலையில் முள்ளுக் குத்திக்கொண்டு நின்றவனும் நாளை அதே நிரையில் நிற்கப் போகிறவனும் அவனே. அத்தனை அறிமுகத்தையும் மறக்கச் செய்து அவனை இரதியாகவே காணவைத்தல் பெருஞ்செயல். பட்டணத்து நடிகன் அறியாதார் முன் நடிக்கின்றான். இவன் அறிந்தார் முன் நடிக்கின்றான். இரண்டனுள் பின்னதே கடினம் என்பேன்.

நான்காவது, ஒப்புநோக்கு. சென்ற ஆண்டின் இரதியோடும் பக்கத்துத் தோட்டத்துத் தூதனோடும் இவ்வாண்டின் ஆட்டம் நிறுத்தப்படும். கதை எல்லோரும் அறிந்தது. பாட்டும் பெரும்பாலும் அறிந்தது. ஆகவே என்ன நிகழும் என்னும் ஆவலுக்கு அங்கு இடமில்லை. எவ்வாறு நிகழ்ந்தது என்பதே பேச்சு. திறனாய்வின் வித்து இதுவன்றோ?

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டு ரொக் இசைக்குழுக்களின் வரலாற்றில் இருவேறு அவைகளைக் காணலாம். பீட்டில்ஸ் குழுவினர் 1965ஆம் ஆண்டில் நியூயோர்க் ஷியா அரங்கில் ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் முன் பாடியபோது, இரசிகர் எழுப்பிய கூச்சலில் தம் பாட்டைத் தாமே கேட்க இயலாது நின்றனர். 1966 ஓகஸ்ட் 29இல் சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு அவர்கள் இசைப் பயணங்களை நிறுத்திக்கொண்டமைக்கு அதுவும் ஒரு காரணம். அன்பு மிகுந்திருந்தது, கேள்வி இல்லை. இதற்கு மறுதலையாக, 1965 முதல் 1995 வரை விளங்கிய கிரேட்புல் டெட் என்னும் குழுவின் இரசிகர்கள், இரவுக்கிரவு மாறுபடும் பாட்டுக்களை ஒலிநாடாவிற் பதிந்து, தம்முட் பரிமாறி, எந்த ஆண்டு எந்த ஊரில் எந்தப் பாட்டு சிறந்தது என விரித்துரைத்தனர். 1984ஆம் ஆண்டில் அக்குழுவினர் பதிவு செய்வோருக்கென அரங்கிலே தனியிடமும் ஒதுக்கினர். ஒரே பாட்டின் பல இரவுகளை ஒப்பிட்டு மதிப்பிடும் அச்சுவைஞரும், ஒரே இரதியின் பல மாசிகளை ஒப்பிட்டு மதிப்பிடும் நம் தோட்டத்துச் சுவைஞரும் ஓரினத்தவரே. வேறுபாடு ஒன்றுண்டு. அவர்களிடம் நாடா இருந்தது. நம்மவரிடம் நினைவு மட்டுமே இருந்தது.

தோட்டத்து மக்கள் பேசுவது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு, அதனைத் திறனாய்வு என்றல் சொல்லை மலிவாக்குதல் ஆகும் என்று கூறுவாரும் உளர். அவர்க்குத் தமிழகத்து லாவணியை நினைவூட்டுதல் போதும். மராத்தியர் ஆட்சியோடு தஞ்சைப் பகுதியில் வேரூன்றிய அவ்வடிவத்தில், காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மற்றொரு கட்சியும் நின்று பாட்டாலே வாதிடுவர். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்பன அவற்றின் பெயர்கள். கதையின் பொருள் யாது என்னும் ஆராய்ச்சியே அங்குக் கலையாக மாறியது. காமன் கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்ட மக்களே அதனைக் கேள்விக்குட்படுத்தவும் அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எனினும் இச்சுவைஞர் தீர்ப்பைக் குற்றமற்றதெனப் போற்றுதல் முறையாகாது. அதன்கண் மூன்று குறைகள் உள. தன் டிவிசன் என்றால் மிகையாகப் புகழ்தலும் அயல் டிவிசன் என்றால் குறைத்துரைத்தலும் முதற்குறை. பழையதெல்லாம் பெரிது, புதியதெல்லாம் சிறிது என்னும் மனப்பான்மை இரண்டாங்குறை. இவ்விரண்டும் எல்லா நாட்டு இரசிகர்க்கும் பொதுவானவை. மூன்றாவதே பெரிது. கூத்தின் சுவையிற் பாதியைத் தாங்கிய தப்புக் கலைஞர், சாதியின் பெயரால் தாழ்த்தி வைக்கப்பட்டோர். ஆட்டத்தைப் புகழும் வாய் அடித்த கையை மறந்துவிடுதல் உண்டு. சுவையைச் சரியாக அறிந்து, சுவை தந்தவனைச் சரியாக மதியாத அவை அரைகுறை அவையே. அக்குறையைச் சுட்டாது மக்கள் கலை என வாழ்த்திக்கொண்டிருத்தல் திறனாய்வாளன் கடமையன்று.

இனி, இப்பேச்சு மறைவதனால் நேரும் இழப்பினை நோக்குவோம். ஒப்புநோக்கு நிகழ வேண்டுமாயின் ஓர் அவை ஆண்டாண்டாக ஓரிடத்தில் நிலைத்திருத்தல் வேண்டும். மலையகத்து அவைக்கு அந்நிலை வாய்க்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும் மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் கணக்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். கணக்கில் எண்கள் இருந்தன, அவைகள் இல்லை. மன்மதன் வேடத்துக்குரியவன் நீலகிரிக்குச் செல்ல, இரதி வேடத்துக்குரியவன் மஸ்கெலியாவில் நின்றால் கூத்து என்னாகும்? வேடத்துக்கு வேறொருவனைப் பழக்கிவிடலாம். ஆயின் முப்பது மாசிகளைக் கண்டு நிறுத்துப் பார்க்கும் முதியவள் கப்பலேறிய பின், அவளிடத்துக்கு யாரைப் பழக்குவது? கூத்தன் போனதை எல்லோரும் கண்டனர். சுவைஞர் போனதை ஒருவரும் கண்டிலர்.

அறிஞர் முயற்சிகளும் இங்கு நினைக்கத்தக்கன. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் நூலாகி அப்பாடல்களை அழியாமற் காத்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1962இற் கர்ணன் போர் முதலாகக் கூத்தை நவீன மேடைக்கு உரியதாக்கி, விடியவிடிய ஆடியதைச் சில மணி நேரத்துள் அடக்கி, கற்றோர் அவையைக் கூத்தின்பால் ஈர்த்தார். இவை பெருந்தொண்டுகள். ஆயினும் அம்மேடைக்கு முதன்மையாக வந்தது மட்டக்களப்புக் கூத்து; மலையகக் கூத்து தன் பொட்டலிலேயே நின்றது. பாடல் தொகுத்தோர் பாட்டின் சொல்லை எழுதினர். அப்பாட்டைக் கேட்டோர் யாது கூறினர் என்பது எழுதப்படாத பக்கமாகவே எஞ்சியது.

பாட்டின் சொல் கிடைத்தால் போதாதோ எனின், போதாது என்போம். இரதி புலம்பலின் சொற்கள் நம் கையில் இருக்கலாம். எவ்வடியில் தப்பு நின்றது, எவ்வடியில் பெண்கள் முந்தானையால் முகம் மறைத்தனர், எவ்வடியைப் பாடகன் மீண்டும் பாட நேர்ந்தது என்பன தெரியாவிடின், எஞ்சியிருப்பது பாட்டின் எலும்பே. குடியுரிமையின்றிச் சொந்த நிலமுமின்றி லயத்து அறைகளில் வாழ்ந்த ஒரு சமுதாயம் தனக்கெனக் கொண்டிருந்த அதிகாரம் ஒன்றுண்டு. இது நன்று, இது நன்றன்று என்று தன் வாயால் தீர்ப்புக் கூறும் அதிகாரமே அது. வேலையில் நல்லது கெட்டது சொன்னவர் துரையும் கங்காணியும். கூத்தில் அதைச் சொன்னவர் அவர்களே. அத்தீர்ப்பினைப் புறக்கணித்துக் கூத்தை மட்டும் காத்தல், நீதிமன்றத்தை இடித்துவிட்டுச் சாட்சிகளின் படங்களைச் சுவரில் மாட்டுதல் போலும்.

ஆகலின் நம் கல்லூரி மாணவர்க்கு ஒன்று கூறுவேன். கூத்தைப் பதிவு செய்யும் கருவி இன்று ஒவ்வொருவர் கையிலும் உண்டு. அட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் மாசி இரவுகளை இளைஞர் படமெடுத்துக் கொள்கின்றனர். படமெடுத்தலோடு அமையாது மறுநாளும் அங்கே தங்குக. கண்டோரிடம் அமர்ந்து, எது பிடித்தது என்று வினவி நிறுத்தாது, ஏன் பிடித்தது, முன்னர் எப்போது இதனினும் நன்றாய் இருந்தது என்றும் வினவுக. தோட்டத்தின் பெயர், ஆண்டு, கூறியவரின் வயது ஆகியவற்றோடு அதனை எழுதிவைக்க. தப்படித்தவரிடமும் தவறாது கேட்க. இவ்வாறு பத்து மாசிகள் சேர்ந்தால், மலையகக் கூத்துக்கு ஒரு வரலாறு மட்டுமன்றி ஒரு திறனாய்வு மரபும் எழுத்தில் அமையும். அம்மரபை நாம் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. அது மலையில் ஏற்கெனவே உள்ளது. நாம் அதனைக் கேட்டு எழுதுதல் வேண்டும்.