ஈடன்: மைக்குக்கு முன்னால் ஒரு சொப்ரானோ

ஹாஸ்டலில் என் அறைத்தோழன் தினமும் தூங்கப் போகும்முன் ஒரே ஆல்பத்தைப் போடுவான். சாரா பிரைட்மனின் 'ஈடன்'. 1998இல் வெளிவந்தது, சீனியர்களின் ஹார்டு டிஸ்க் வழியாக எங்களுக்கு வந்து சேர ஏழெட்டு வருடங்கள் ஆகிவிட்டன. நான் அப்போது பாவரொட்டி பாடிய 'நெஸ்ஸுன் டோர்மா' ஒன்றை மட்டும் நூறு தடவை கேட்டுவிட்டு, ஓபரா தெரிந்தவனாக நடமாடிக்கொண்டிருந்தேன். "இதெல்லாம் ஓபராவே இல்லடா, லிஃப்டுல போடுற மியூசிக்" என்றேன். அவன் வாதாடவில்லை. ஒரு ஹெட்போன் வாங்கிக்கொண்டான். அதன்பிறகு அந்தக் குரல் எங்கள் அறையில் வெளியே கேட்கவில்லை.

அந்த லிஃப்ட் வசனம்கூட என் சொந்தச் சரக்கில்லை. எங்கோ படித்ததை ஒப்பித்தேன்.

'ஈடன்' பற்றி ரசிகர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவர் தேவதை, ஹாண்டலையும் புச்சினியையும் தங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர். இன்னொரு கட்சிக்கு அது சின்னக் குரல், மூச்சுக்காற்று கலந்த குரல், எதிரொலியைப் பூசி மெழுகிய தயாரிப்பு. இந்த ஆல்பத்தில் ஹாண்டலின் 1711ஆம் வருட 'ரினால்டோ'விலிருந்து ஒரு பாடல் இருக்கிறது. கன்சாஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 1977ஆம் வருடப் பாட்டும் இருக்கிறது. 'டைட்டானிக்' பாட்டு இத்தாலிய மொழியில் வேறு. தூய்மைவாதிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்தக் கோபம் சில சமயம் தப்பான இடத்தில் விழுகிறது. 'எனிடைம், எனிவேர்' பாட்டைக் கேட்டு ஆல்பினோனியைக் கெடுத்துவிட்டார் என்பார்கள். அந்தப் புகழ்பெற்ற அடாஜியோ 18ஆம் நூற்றாண்டு ஆல்பினோனியுடையதே அல்ல. ரெமோ ஜியாஸொட்டோ என்ற இசையறிஞர் எழுதி 1958இல் வெளியிட்டது. ராக் அண்ட் ரோலைவிட இளையது!

எனக்கு விஷயம் புரிந்தது வேறொரு இடத்தில். ஆன்சைட் வேலையாக லண்டனில் இருந்தபோது, கோவென்ட் கார்டன் ஓபரா ஹவுஸில் இருப்பதிலேயே மலிவான டிக்கெட் எடுத்து 'டுராண்டாட்' பார்க்கப் போனேன். கூரைக்குப் பக்கத்தில் இருக்கை. மேடையில் பாடகர் விரல் நீளம்தான் தெரிந்தார். மைக் கிடையாது. கீழே ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா. அதைத் தாண்டி அந்தக் குரல் என் முகத்தில் வந்து மோதியது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஆர்கெஸ்ட்ராவின் ஒலிச்சக்தி பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டிக் குவிந்திருக்கும். அதற்கு மேலே போகப்போகக் குறையும். பயிற்சி பெற்ற டெனர் தன் தொண்டையின் வடிவத்தை மாற்றி, குரலின் சக்தியை 3000 ஹெர்ட்ஸ் பக்கமாகத் திரட்டுகிறார். அங்கே வாத்தியங்களின் நெரிசல் குறைவு, நம் காதுக்கோ கூர்மை அதிகம். கூட்டமான ரோட்டில் காலியான ஒரு சந்தைக் கண்டுபிடிப்பது மாதிரி. வருடக்கணக்கான சாதகம் எல்லாம் அந்தச் சந்தில் நுழையத்தான்.

'நெஸ்ஸுன் டோர்மா'வின் நாடகமே அதுதான். விடிந்தால் தலை போகலாம் என்ற நிலையில் ஒருவன் தனியாக நின்று 'வெல்வேன்' என்கிறான். அந்த உச்ச ஸ்வரம் புச்சினி எழுதியபடி பார்த்தால் குட்டியானது. டெனர்கள் அதை இழுத்து நீட்டுவது பின்னால் வந்த வழக்கம். (இந்தச் சுதந்திரத்தை மட்டும் தூய்மைவாதிகள் மன்னித்துவிடுகிறார்கள்.) அந்த நீட்டலில் ஒரு உடம்பு ஆர்கெஸ்ட்ராவோடு மல்லுக்கட்டுகிறது. பிரைட்மன் 'ஈடன்' ஆல்பத்தில் இதைப் பாடும்போது மல்லுக்கட்ட ஆளில்லை. மிக்ஸிங்கில் எல்லாம் அவருக்காக விலகி வழிவிடுகின்றன. பெண் பாடியது பிரச்சினை இல்லை. வெல்வதற்கு எதிரே ஒன்றும் இல்லாததுதான் பிரச்சினை. இந்த ஆல்பத்தில் எனக்கு இன்றைக்கும் பிடிக்காத பாட்டு இது.

அதே மைக், அதே குரல், 'நெல்லா ஃபாண்டஸியா'வில் வேறு வேலை செய்கிறது. 'தி மிஷன்' (1986) படத்தில், காட்டுக்குள் தனியாக வந்த பாதிரியார் தன்னைச் சுற்றி வில்லோடு நிற்பவர்களுக்கு நடுவே ஓபோ வாசிப்பார். அந்த எனியோ மொரிகோனே மெட்டுக்கு இத்தாலியச் சொற்கள் போட்டது இது. மொரிகோனே முதலில் மறுத்ததாகவும், தான் விடாமல் கேட்டுச் சம்மதம் வாங்கியதாகவும் பிரைட்மன் சொல்லியிருக்கிறார். மெட்டு ஓபோவுக்கானது, யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. எதிரே நிற்பவன் வில்லைத் தாழ்த்தினால் போதும். இங்கே அந்த மூச்சுக்காற்று குறையாகத் தெரியவில்லை. மூச்சை ஊதி ஒலிக்கிற வாத்தியத்தின் இடத்தில் ஒரு குரல், அவ்வளவுதான். 2,000 பேர் கொள்ளும் ஹாலில் இப்படிப் பாடினால் முதல் வரிசையைத் தாண்டாது. காதுக்கு ஒரு அங்குலத்தில் மட்டுமே சாத்தியமான பாட்டு. பிரைட்மன் ஓபரா மேடையிலிருந்து இறங்கி வந்தவரும் அல்ல. நடனக் குழுவில் தொடங்கி, 'கேட்ஸ்', 'ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா' என்று மைக் உள்ள மேடைகளில் வளர்ந்தவர். மைக் அவருக்கு ஊன்றுகோல் அல்ல, வாத்தியம்.

ஹெட்போனில்தான் கேட்க வேண்டிய ஆல்பத்தை என் நண்பன் ஹெட்போனில் கேட்டான் என்று இப்போது நியாயம் பேசலாம். ஆனால் அவன் அதை வாங்கியது என் வாய்க்குப் பயந்து.

போன மாதம் போன் செய்தபோது கேட்டேவிட்டேன். "அந்த ஆல்பத்துல அப்படி என்னடா இருந்துச்சு உனக்கு? அந்த நெஸ்ஸுன் டோர்மாவ எப்படித்தான் தினமும் கேட்ட?"

"அதுவா? அத நான் ஒருநாளும் முழுசா கேட்டதில்லயே," என்றான். "அது வந்தா அடுத்த பாட்டுக்குத் தள்ளிருவேன்."