சுவரில் சிலுவை, தலையில் முக்காடு

ஜெனீவா அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் முக்காடு போட்டுப் பாடம் எடுக்கத் தடை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001ல் அதை ஏற்றது. முக்காடு வலுவான மதச் சின்னமாம். சரி.

அடுத்து இத்தாலி. வகுப்பறைச் சுவரில் அரசே மாட்டிவைத்த சிலுவையை எடுக்கச் சொல்லி ஒரு தாய் வழக்குப் போட்டார். 2009ல் ஜெயித்தார். 2011ல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 15-2 என்று மாற்றிவிட்டது. சுவரில் இருப்பது சும்மா தொங்கும் சின்னம்தானாம்!

மதச்சார்பின்மை யாரைக் கட்டுப்படுத்தணும்? அரசையா, ஆளையா? ஆசிரியை முக்காடு அவர் சொந்த விஷயம். சிலுவை அரசாங்க உத்தரவு. எனக்கு இது தலைகீழாகத்தான் தெரிகிறது.

இரண்டும் வேறு வேறு வழக்கு, ஜெனீவாவில் சின்னக் குழந்தைகள் என்று தீர்ப்பு சமாளிக்கிறது. இத்தாலியில் தொடக்கப்பள்ளியிலும் அதே சிலுவைதானே தொங்குது?